ஐந்து றெக்கை

பாம்பன் தெற்குவாடியில் எனக்கு ஒரு பட்டறை.
பாறையில் அடிபட்டு வரும் படகு விசிறிகளை
நிமிர்த்தி, ஒட்டி, எடை பார்த்துத் தருவேன்.
ஒரு இலை ஐந்து கிராம் கூடினாலும்
படகு பல்லை நறநறக்கும்.

உச்சிப்புளியிலிருந்து எழும் டோர்னியர்
மண்டபம் தாண்டும் முன்பே காதுக்கு வந்துவிடும்.
உடம்புக்கு மேலே ஒரே பலகையாய் இறக்கை,
இரண்டு எஞ்சின், கொக்கு மூக்கு,
வயிற்றில் ரேடார் வைத்த வீக்கம்.
அவளுக்குப் பிள்ளைத்தாச்சி என்று பெயர்.
வீக்கமில்லாமல் வருவது ஆள் ஏற்றுகிற வண்டி.
அதற்குப் பெயர் வைக்கவில்லை.

போன செவ்வாய் ஏழு இருபதுக்கு வந்தாள்.
அதே வயிறு, அதே மூக்கு, அதே சாம்பல்.
குரல் மட்டும் வேறொருத்தியுடையது.
தகரத்தை அறுத்துக்கொண்டு போகிறவள்
மாவு சலித்துக்கொண்டு போனாள்.

கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன்.
'டீசல் மாத்திட்டாங்களோ' என்றான் நூகு.
ஃபோனில் பிடித்துப் பார்த்தால்
சுழலும் றெக்கையெல்லாம்
உடைந்த வளையல் துண்டுகளாய் அந்தரத்தில் மிதக்கிறது.
நிறுத்தி எண்ணினால் மூன்று.
ஒரு தள்ளு தள்ளினால் ஏழு.
கேமராவை நம்பி விசிறி அடித்தால்
கடை மூடவேண்டியதுதான்.

மதியம் சோற்றில் கை வைத்தபோது
மெற்றில்டா ஞாபகம் வந்தது.

லியோன் படகில் மூன்று இலையைக் கழற்றி
நான்கு இலை மாட்டிக் கொடுத்தது நான்தான்.
நடுக்கம் போனது, சத்தம் ஒரு படி மேலே ஏறியது.
மறுநாள் விடியலில் அவன் கரை பிடித்தபோது
கூடை தூக்க ஆளில்லை.
'ஒங்க படகு சத்தமே கேக்கலயே' என்று
பாயிலிருந்து எழுந்து வந்தாளாம் மெற்றில்டா,
பதினாறு வருடம் அந்தச் சத்தத்துக்கே
அடுப்பைப் பற்றவைத்தவள்.

அப்படியானால் ஒரு றெக்கை கூடியிருக்கிறது.
நாலு, ஐந்தாகிவிட்டது.
சோற்றுக் கையை விரித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

வெள்ளிக்கிழமை லியோன் வந்தான்,
விசிறி கொண்டுவரவில்லை.
வாசலில் நின்றே சொன்னான்.
முந்தின ராத்திரி, நிலவில்லை,
கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
நீரோட்டத்துக்குத்தான் தெரியும்.
மேலே ஒன்று தாழப் போயிருக்கிறது.
'நம்ம பிளேன் சத்தம் எனக்குத் தெரியாதா,
இது அவுகளுது' என்று
விளக்கை அணைத்திருக்கிறான்.
மேலே பார்த்தது கீழே சொல்லும்,
அரை மணியில் படகு வரும்.
வலையை இழுக்க அரை மணி போதாது.
அறுத்துவிட்டு வந்துவிட்டான்.

'எப்படி இருந்துச்சு சத்தம்?'
'மாவு சலிக்கிற மாதிரி.'

நூகு என்னைப் பார்த்தான்.
நான் தரையில் கிடந்த பித்தளைச் சுருளைப் பார்த்தேன்.

சங்கத்துச் சுவரில், டீசல் விலைக்குப் பக்கத்தில்,
சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு
ஐந்து கோடு இழுத்தேன்.
'புதுச் சத்தம். நம்முடையதுதான். பயப்படவேண்டாம்'
என்று எழுதிவிட்டு,
கடைசி வார்த்தையை அழித்தேன்.
அந்தப் பக்கத்திலும் ஒருநாள்
இதே றெக்கை மாட்டமாட்டார்கள் என்று
நான் யார் சொல்ல?
அதற்கு மேல் வந்த வார்த்தையையும் அழித்தேன்.
மிஞ்சியது புதுச் சத்தம்.

மறுநாள் போனபோது வட்டத்துக்குக் கீழே
யாரோ கரியால் எழுதியிருந்தார்கள்:
இந்த விசிறி என்ன விலை?

லியோன் வலைக்கு
நான் பாதி தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.
ஏழு இருபதுக்கு அவள் வருகிறாள்.
கரையில் எல்லாத் தலையும் நிமிர்கிறது,
உதடுகள் அசைகின்றன,
எண்ணுகிறார்கள்.